கேட்டுப் பெறும் வித்தை

சென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் கற்பித்துக்கொண்டே அதன் வேலைவாய்ப்பு மையத்தின் பொறுப்பையும் நெடுங்காலம் வகித்தவள் என்ற முறையில், பட்டம் பெற்று உத்தியோகத்துக்குப் புறப்படும் பிள்ளைகளில் பல தரத்தினரையும் பார்த்திருக்கிறேன். அவர்களுள் என் சிந்தையை அதிகமாக ஆட்கொண்டவர்கள், பேச்சில் சாதுரியமும் கணக்கின் சூட்சுமத்தைப் பிடித்துக்கொள்ளும் கூர்மையும் இருந்தும், அச்செழுத்தில் ஒரு பக்கத்தைச் சரளமாக வாசிக்க இயலாமலோ, மனத்தில் தெளிவாக இருப்பதைப் பிழையின்றி எழுத இயலாமலோ, எண்களை வரிசை மாறாமல் படியெடுக்க இயலாமலோ அவதிப்படும் மாணவ மாணவியர். கற்றல் குறைபாடு என்று வைத்தியமும் சட்டமும் பெயர் சூட்டியிருக்கும் இந்நிலையுடையவர்களைப் பரீட்சையில் தேறச் செய்வதற்கு வேண்டிய உபாயங்களை நம் கல்வி நிலையங்கள் ஒருவாறு கற்றுக்கொண்டுவிட்டன. பரீட்சை முடிந்த மறுநாள் இவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்ற சிந்தனைதான் இன்னும் போதிய அளவில் எழவில்லை.

1896-ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய வைத்தியர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். கணக்கில் தேர்ச்சியும் நல்ல புத்தியும் உள்ள அந்தப் பையனுக்கு எழுதப்பட்ட சொல் மட்டும் வசப்படவில்லை என்றும், பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமானால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார் என்றும் அதில் கண்டிருக்கிறது. நூறாண்டுகளுக்கு மேல் கடந்தும் அந்த ஆசிரியரின் அபிப்பிராயத்தை, என் அறையின் வாசலில் தயங்கி நின்ற எத்தனையோ பிள்ளைகளைப் பற்றி நான் அப்படியே சொல்லியிருக்கக் கூடும். நம் தேசத்தில் 1995-இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இக்குறைபாட்டுக்கு இடமே இருக்கவில்லை; 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்த புதிய சட்டம்தான் 21 வகைகளுள் ஒன்றாக இதையும் சேர்த்தது. ஆயினும் சட்டம் வருவதற்கு வெகு முன்பே, 1990-களின் தொடக்கத்திலேயே, சென்னையில் பெற்றோரும் ஆர்வலரும் கூடி டிஸ்லெக்ஸியா எனப்படும் இந்த வாசிப்பு இடர்ப்பாட்டின் பெயராலேயே மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கத்தை ஏற்படுத்தியிருந்தார்கள் என்பதை இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரிக்கு வந்த இப்பிள்ளைகளில் பலரும் அவர்களிடமோ அவர்களிடம் பயின்ற ஆசிரியர்களிடமோ சில காலம் பயிற்சி பெற்றவர்களே.

வளாகத் தேர்வுக்கு வரும் ஸ்தாபனங்கள் முன்கூட்டி அனுப்பும் அறிவிப்பில் பெரும்பாலும் தலைப்பிலேயே நிற்பது, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு ஆகிய மூன்றிலும் 60 விழுக்காடு வேண்டும், அரியர் எதுவும் நிலுவையில் இருக்கக்கூடாது என்ற நிபந்தனை. 'சிக்ஸ்டி த்ரூஅவுட்' என்று மாணவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உச்சரிக்கும் இந்த விதி, மற்றப் பிள்ளைகளுக்கு உழைப்பின் அளவுகோலாக இருக்கலாம். ஒன்பதாம் வகுப்பு வரையில் சோம்பேறி என்று அடி வாங்கி, பத்தாம் வகுப்பும் முடிந்த பிறகே தன் இடர்ப்பாடு இன்னதென்று வைத்தியரால் அறிவிக்கப்பட்ட ஒரு பிள்ளைக்கோ, பத்தாம் வகுப்பு மதிப்பெண் என்பது அவனுடைய உழைப்பின் அளவல்ல. அவனை யாரும் கண்டுகொள்ளாதிருந்த காலத்தின் அளவு. அந்த எண்ணை ஐந்து வருஷம் கழித்து உத்தியோகத்தின் வாசலிலும் அவன் கழுத்தில் மாட்டி நிறுத்துவது நியாயமாகாது என்று நான் அன்றும் வாதிட்டேன், இன்றும் வாதிடுகிறேன். சில ஸ்தாபனங்கள் செவிசாய்த்து அந்த நிபந்தனையைத் தளர்த்தியதுண்டு, பல செய்யவில்லை.

அதைக் கடந்தால் கணினியில் நடக்கும் ஆப்டிட்யூட் பரீட்சை. மத்திய அரசின் வழிகாட்டுதல்படி பொதுப் பரீட்சைகளில் இத்தகையோருக்கு மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாத ஈடுநேரம் கிடைக்கிறது. தனியார் நடத்தும் தேர்விலோ ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் கடிகாரம் ஓடி, நேரம் முடிந்த கணமே திரை தானாக அடுத்த பகுதிக்கு நகர்ந்துவிடும். கேள்வியை இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு விடை தெரியுமா தெரியாதா என்பதை அறியாமலேயே இயந்திரம் அவனை நிராகரித்துவிடும். கூடுதல் நேரத்தை முன்கூட்டியே எழுதிக் கேட்டால் கொடுப்பதற்கு ஆட்சேபமில்லாத ஸ்தாபனங்கள் இருக்கவே இருக்கின்றன என்பதை அனுபவத்தில் கண்டேன். ஆனால் அதற்கு யாராவது கேட்க வேண்டும். கேட்க வேண்டியவர் யார் என்பதில்தான் நான் சொல்ல வந்த விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இப்பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒவ்வொரு சலுகைக்கும் பின்னால் ஒரு தாயின் அலைச்சல் இருந்திருக்கும். மனோதத்துவ நிபுணரிடம் பரிசோதனைக்கு அழைத்துப்போனவள், அரசு மருத்துவமனையில் சான்றிதழுக்காக வரிசையில் நின்றவள், கூடுதல் நேரத்துக்கும் மொழிப்பாட விலக்குக்கும் சொல்வதை எழுதுபவருக்கும் விண்ணப்பம் தயாரித்துத் தலைமையாசிரியரையும் கல்வி அலுவலகத்தையும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தையும் சுற்றிச்சுற்றி வந்தவள் அவளே. அந்தப் பிரயாசைக்கு எந்தக் காலத்திலும் நான் தலைவணங்குவேன். ஆனால் அதன் விளைவாக நிகழ்வது என்னவென்றால், பதினெட்டு வயது நிரம்பிய ஒரு பையனிடம், 'உனக்கு எது சிரமம், அப்பா?' என்று கேட்டால், அவன் சற்று யோசித்துவிட்டு, 'அது அம்மாவுக்குத்தான் மேம் தெரியும்,' என்று பதில் சொல்லுகிறான். முதலாண்டில் என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் வெவ்வேறு வார்த்தைகளில் சொன்னது இதுதான். கல்லூரியில் அம்மாவுக்கு இருக்கும் இடம் குறுகிவிடுகிறது. அலுவலகத்திலோ அவளுக்கு இடமே இல்லை. தன்னைப் பற்றித் தானே சொல்லத் தெரியாத பிள்ளை, எத்தனை மதிப்பெண் பெற்றிருந்தாலும், உத்தியோகத்துக்கு ஆயத்தமாகவில்லை என்பதே நான் கண்ட உண்மை. வேலைவாய்ப்புப் பயிற்சி என்ற பெயரால் ஆங்கிலம் பேசவும் கழுத்துப்பட்டை கட்டவும் கற்பிப்பதற்கு முன்னால், இவர்களுக்குக் கற்பிக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

ஆகையால் எங்கள் வேலை, நிபுணரின் அறிக்கையைப் பிள்ளையோடு சேர்ந்து வாசிப்பதில் தொடங்கும். பல பக்கங்கள் கொண்ட அந்த அறிக்கை ஆங்கிலத்தில், நெருக்கமான எழுத்தில், பரிசோதனைகளின் பெயர்களும் எண்களும் மண்டிக் கிடப்பதாக இருக்கும். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவன் அதை ஒருமுறையும் படித்திருக்கமாட்டான், படிக்கத் தக்கதாக அது எழுதப்படவும் இல்லை. அவனுடைய சம்மதத்தைப் பெற்று, கதவைச் சாத்திக்கொண்டு, வரி வரியாக நான் உரக்க வாசித்துத் தமிழில் விளக்குவேன். தன் புத்தியில் குறை ஒன்றும் இல்லை, சில உபபரிசோதனைகளில் தான் வயதுக்கு மிஞ்சிய திறமை காட்டியிருக்கிறோம் என்பதை அந்த அறையில்தான் முதன்முதலாகக் கேட்டவர்கள் உண்டு. கேட்டுவிட்டுச் சிலர் மௌனமாக இருந்துவிடுவார்கள்; ஒரு பெண், 'இதையெல்லாம் ஏன் மேம் எனக்கு யாரும் சொல்லலை?' என்று கோபத்தோடு கேட்டாள். அந்தக் கோபம் நியாயமானது என்று அவளிடம் சொன்னேன்.

அறிக்கையை முடித்தபின் அதிலிருந்து மூன்று வாக்கியங்களை அவர்களே உண்டாக்க வேண்டும்: எனக்கு எது இயல்பாக வரும், எது சிரமப்படுத்தும், அந்தச் சிரமத்தை எதனால் கடக்கிறேன். சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இந்தக் காரியத்துக்கு ஒரு செமஸ்டரின் பெரும்பகுதி ஆகும். 'எனக்குப் படிக்க வராது' என்று ஆரம்பிப்பவனை, எதைப் படிக்க, எவ்வளவு நீளம், காகிதத்திலா திரையிலா, தமிழா ஆங்கிலமா என்று கேட்டுக் கேட்டுக் கொண்டுபோனால், கடைசியில் அவன், 'நீளமான மெயிலைக் கண்ணால் படித்தால் நடுவில் வரி தவறிவிடும். கணினி வாசிக்கக் கேட்டால் ஒரு விவரமும் விடுபடாது. அதனால் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுவிட்டுப் பதில் எழுதுவேன்,' என்ற இடத்துக்கு வந்து சேருவான். முதல் வாக்கியம் தன்னைத் தானே தண்டித்துக்கொள்வது; பிந்தியது ஓர் ஊழியன் தன் மேலாளருக்குத் தரும் தகவல். இரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கடக்கச் செய்வதுதான் என் தொழிலின் சாரம்.

இடர்ப்பாடு எழுத்தில் மட்டுமே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 'ஃபைலை எடுத்துக்கிட்டு அக்கவுண்ட்ஸ்ல காட்டிட்டு, அப்படியே டெஸ்பாட்ச்ல நாளைக்கு லாரி உண்டான்னு கேட்டுட்டு வா' என்று அலுவலகங்களில் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது சகஜம். இப்பிள்ளைகளில் சிலருக்கு நடுவில் உள்ள கட்டளை மனத்தில் தங்காமல் நழுவிவிடும், அசட்டை என்று பேர் வந்துவிடும். கேட்ட கட்டளையைச் சொன்னவரிடமே ஒருமுறை திருப்பிச் சொல்லிக்காட்டிவிட்டு நகருவது என்ற பழக்கத்தை நாடகமாகவே நடத்தி அப்பியாசம் செய்விப்போம். விண்ணப்பப் படிவம் கண்டு மிரளுகிறவர்களுக்கு, அடிக்கடி கேட்கப்படும் விவரங்கள் அனைத்தையும் பெரிய எழுத்தில் அச்சிட்ட ஓர் அட்டை சட்டைப்பையில் இருக்கும். பேருந்து எண்களில் 21ஜி-யும் 12ஜி-யும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ஒருவன், சேரும் நாளுக்கு முன்பே பேருந்திலேறி அலுவலக வாசல் வரை போய்த் திரும்பிவிட வேண்டும். இவையெல்லாம் அற்ப விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் முதல் வாரத்திலேயே வேலையை விட்டுவிட்டு வந்தவர்களை விசாரித்துப் பார்த்தால், காரணங்கள் பெரும்பாலும் இத்தகைய அற்ப விஷயங்களாகவே இருந்தன.

வணிகவியல் படித்த எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் போய்ச்சேரும் இடம் கணக்கு அலுவலகம். அங்கே டாலி என்ற கணக்கு மென்பொருளில் பட்டியல்களைப் பதிவு செய்யும்போது ஒவ்வொரு வியாபாரியின் ஜி.எஸ்.டி. எண்ணையும் அடிக்க வேண்டியிருக்கும். எழுத்தும் இலக்கமும் கலந்த 15 குறிகள் கொண்ட அந்த எண், டிஸ்லெக்ஸியா உள்ள ஒருவனுக்கு நெருஞ்சிக் காடு. அதைக் குறி குறியாகப் பார்த்துப் படியெடுக்கும்படி விட்டால் அவன் அன்று முழுவதும் அதிலேயே மாய்வான். ஆனால் அந்த எண்ணுக்கு ஓர் உள்ளமைப்பு உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த வியாபாரியின் வருமானவரி பான் எண். அதுவும் ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து என்று பிரியும், அதன் நான்காம் எழுத்து தனிநபரா கூட்டாளி நிறுவனமா கம்பெனியா என்பதைக் காட்டும். பிறகு ஓர் இலக்கம், அதன்பின் வழக்கமாக வரும் 'இசட்', கடைசியில் சரிபார்ப்புக் குறி ஒன்று. இப்படிப் பிரித்துக் காட்டியதும், முன்பு பொருளற்ற குறிகளின் கூட்டமாக இருந்தது, ஊரும் ஆளும் தொழிலும் கொண்ட ஒரு விலாசமாக மாறிவிடுகிறது. பொருளுள்ளதை இப்பிள்ளைகள் மறப்பதில்லை. அடித்த எண்ணை அரசின் இணையதளத்தில் இட்டால் வியாபாரியின் பெயர் வரும். பெயர் பட்டியலோடு ஒத்திருந்தால் எண்ணும் சரி. வங்கிக் கிளைக்குரிய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் இவ்விதமே, நான்கெழுத்து வங்கி, ஐந்தாவது எப்போதும் சைபர், எஞ்சிய ஆறும் கிளை என்று துண்டு போட்டுக் கற்பித்தேன்.

தொகைகளுக்கு இந்த யுக்தி பலிக்காது. 540 ரூபாயை 450 என்று எழுதிவிட்டால் அது தவறு என்று எந்த இயந்திரமும் சொல்லாது. இங்கே எங்களுக்குக் கைகொடுத்தது புதிய கருவி எதுவுமல்ல, கணக்குப்பிள்ளைகளின் பழைய ஞானம். இருப்பாய்வில் வரும் வித்தியாசம் ஒன்பதால் மீதமின்றி வகுபடுமானால் எங்கேயோ இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும் என்று தேடத் தொடங்குவது அத்தொழிலில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். 540-க்கும் 450-க்கும் வித்தியாசம் 90. 63-க்கும் 36-க்கும் 27. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை எப்படி மாற்றிப் போட்டாலும் விளைவது ஒன்பதின் மடங்கே. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவன் எழுந்து, 'அப்போ எல்லாருமே மாத்தி எழுதியிருக்காங்களா மேம்?' என்று கேட்டான். ஆம், பேரேடு எழுதத் தொடங்கிய காலம் முதல் எல்லோரும் மாற்றி எழுதியிருக்கிறார்கள், அதனால்தான் அதைக் கண்டுபிடிக்கும் விதியும் உண்டாயிற்று. தன் பிழை தனக்கு மட்டுமே விதிக்கப்பட்ட சாபமல்ல, தொழில் தன் பாடத்திலேயே இடம் ஒதுக்கிப் பரிகாரமும் வகுத்து வைத்திருக்கும் ஒரு சாதாரணப் பிழை, தனக்கு அது மற்றவரைவிட அடிக்கடி நேரும் என்பதுதான் வேறுபாடு என்று அறிந்த அந்தப் பையனின் நிமிர்வை வேறெந்த உற்சாக உரையாலும் நான் உண்டாக்கியிருக்க முடியாது. ஒருவர் வாசிக்க மற்றவர் டிக் அடித்துச் சரிபார்க்கும் பழைய முறையும் தணிக்கை அலுவலகங்களில் இருக்கவே இருக்கிறது. வாசிப்பவனாக இல்லாமல் கேட்டு டிக் அடிப்பவனாக அவனை வைத்தால், காதால் வாங்குவதில் தேர்ந்த அவனைப்போல் பிழை பிடிப்பவர் கிடையாது. அவனை எடுத்துக்கொண்ட தணிக்கையாளரிடம் நான் கேட்டுக்கொண்டதும் இந்த ஒன்றைத்தான். அவருக்கு இதில் செலவு எதுவும் இருக்கவில்லை.

இனி, சொல்வதா மறைப்பதா என்ற கேள்வி. இதில் நூல்கள் ஒன்று சொல்லும், வீடு வேறொன்று சொல்லும். மகளின் சான்றிதழைப் பீரோவின் அடித்தட்டில் பூட்டி வைத்திருந்த ஒரு தாய் என்னிடம், 'நாளைக்கு அவளைப் பொண்ணு பார்க்க வர்றவங்க காதுல விழுந்தா என்ன ஆகும் மேடம்? ஆபீஸ்ல சொன்னா அது ஆபீஸோட நிக்குமா?' என்று கண்கலங்கக் கேட்டார். அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அவர் வாழும் தெருவில் அது மெய்யான அச்சம். இதற்கு வழி கண்டவள் அந்தப் பெண்ணேதான். 'வியாதி மாதிரி பேர் சொல்ல வேண்டாம்மா, நான் எப்படி வேலை செய்வேன்னு மட்டும் சொல்றேன்,' என்றாள். ராஜாஜி சாலைப் பக்கம் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் அவள் சேர்ந்தபோது, கன்டெய்னர் எண்களைத் தொலைபேசியில் கேட்டு எழுதினால் மறுபடி வாசித்து உறுதி செய்துகொள்வேன், அதற்கு அரை நிமிஷம் அதிகம் ஆகும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று மேலாளரிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள். அவர் அதைச் சிரத்தையுள்ள ஊழியரின் லட்சணமாகவே எடுத்துக்கொண்டார்.

பரீட்சையில் கூடுதல் நேரம் வேண்டுமானால் குறைபாட்டின் பெயரையும் சான்றிதழையும் முன்கூட்டியே தந்துதான் ஆகவேண்டும். அங்கே மறைப்பதற்கு வழியில்லை. வேலையில் சேர்ந்தபின் வேண்டியவற்றுக்குப் பெயர் அநேகமாக அவசியமில்லை, வேலை முறையைச் சொன்னாலே போதும். எதைச் சொல்வது, யாரிடம், எப்போது என்று முடிவு செய்யும் அதிகாரம் பிள்ளைக்கே உரியது, பெற்றோருக்குமில்லை, எனக்குமில்லை. இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் ஸ்தாபனங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கான சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டுமென்று சட்டமும் விதிகளும் சொல்லுவதையும், 2021 பிப்ரவரியில், எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் ஒரு தேர்வருக்குச் சொல்வதை எழுதுபவரை மறுக்கக் கூடாதென்றும், அதே ஆண்டு நவம்பரில், எழுதுவதில் உள்ள இடர்ப்பாடாகிய டிஸ்கிராஃபியா உள்ள மாணவிக்கு மருத்துவ நுழைவுத் தேர்வில் ஈடுநேரம் மறுக்கப்பட்டது தவறென்றும் உச்ச நீதிமன்றம் கூறிய தீர்ப்புகளையும் வகுப்பில் விளக்குவேன். அவர்களை வழக்காடச் செய்வதற்காக அல்ல. தாம் கேட்பது தயவல்ல என்று அறிந்தவனின் குரலில் கெஞ்சலும் இராது, சீற்றமும் இராது என்பதற்காக.

அரசு உத்தியோகத்தை நாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு விழுக்காட்டு ஒதுக்கீட்டில் ஒரு விழுக்காடு, ஆட்டிசம், மனநோய் முதலியவற்றோடு சேர்த்துக் கற்றல் குறைபாட்டுக்கும் உரியது. ஆனால் பள்ளியில் வாங்கிய சான்றிதழோடு நின்றுவிட்டால் பயனில்லை. 2018-இல் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல் எட்டு வயதுக்குமேல் தரப்படும் சான்றிதழைப் பதினான்கிலும் பதினெட்டிலும் புதுப்பிக்கச் சொல்லி, பதினெட்டில் பெறுவதே ஆயுள் முழுவதற்கும் செல்லும் என்று வகுத்தது. பன்னிரண்டாம் வகுப்போடு தொல்லை தீர்ந்ததென்று எண்ணிப் பதினெட்டாம் வயதில் மருத்துவக் குழுவிடம் போகாமல் விட்ட குடும்பங்கள் அநேகம். முதலாண்டு சேர்க்கையின்போதே இதைக் கேட்டு அனுப்பிவிடுவது ஒவ்வொரு கல்லூரியும் செய்யக்கூடிய காரியம். தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் வழியாக ஓராண்டு உதவித்தொகையோடு பழகுநராகச் சேருவதையும் நான் விசேஷமாகச் சிபாரிசு செய்வேன். பரீட்சையில் தன்னைக் காட்ட முடியாதவன், ஓராண்டு வேலையில் இருந்து காட்டிவிட முடியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் என் நண்பர்களில் சிலருக்கும் இணக்கம் ஏற்பட்டதில்லை. டிஸ்லெக்ஸியாவைப் பற்றிய எந்தக் கூட்டத்திலும் உலக மேதைகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றை வாசித்து, ஐன்ஸ்டீனுக்கும் இது இருந்தது என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. ஐன்ஸ்டீனைப் பற்றிய அந்தக் கூற்றுக்கு நம்பத்தக்க ஆதாரமில்லை என்பது ஒருபுறமிருக்க, அந்தப் பட்டியலைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் பிள்ளை, தான் விஞ்ஞானியாகவோ ஓவியனாகவோ ஆகாவிட்டால் தன் குறைக்கு மன்னிப்பில்லை என்று எண்ணத் தொடங்குவதை நேரில் கண்டிருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் வேண்டுவது மாதம் பிறந்தால் சம்பளமும், அம்மாவுக்கு வாங்கித்தர ஒரு புடவையும், உடன் வேலை செய்பவர்கள் மத்தியில் மரியாதையும்தான். மேதையாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லாமல் சாதாரணமாக வேலை பார்க்கும் உரிமை, மற்ற எல்லாருக்கும் இருப்பதுபோல், இவர்களுக்கும் உண்டு. இதே காரணத்தால், கையெழுத்து வராதவன் என்றாலே காட்சித் தொடர்பியலிலோ கேட்டரிங்கிலோ கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் வழக்கத்தையும் நான் ஆதரிப்பதில்லை. அதில் விருப்பமுள்ளவன் போகட்டும், கணக்கில் விருப்பமுள்ளவனுக்குக் கணக்கே வேண்டும்.

கேட்டவர்கள் எல்லோரும் தந்தார்கள் என்று சொல்ல முடியாது. 'எங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராதுங்க' என்று தொலைபேசியை வைத்தவர்களும், சேர்த்துக்கொண்டு ஒரு மாதத்தில் காரணம் சொல்லாமல் அனுப்பியவர்களும் உண்டு. அப்படித் திரும்பி வந்தவர்களோடு உட்கார்ந்து, என்ன கேட்டாய், யாரிடம் கேட்டாய், என்ன பதில் வந்தது என்று எழுதி வைப்போம். அடுத்த இடத்தில் அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்பதற்கு அது உதவும். சிலருக்கு இரண்டாம் இடத்தில் நிலைத்தது, சிலருக்கு அதற்கும் பிறகு.

அண்மையில் துரைப்பாக்கம் பக்கம் ஒரு ஸ்தாபனத்தின் பின்னலுவலகத்துக்குத் தேர்வான மாணவன் ஒருவன், சேருவதற்கு முந்திய வாரம் என் அறைக்கு வந்து, 'மேம், உள்ளே போன் விடமாட்டாங்களாம். அப்போ மெயிலையெல்லாம் நான் எதுல கேக்கறது?' என்றான். வாடிக்கையாளரின் ரகசியம் காக்க வேலைக்கூடத்துக்குள் கைப்பேசியைத் தடை செய்வது அத்தொழிலில் பொதுவான விதி. மூன்றாண்டாக அவன் பழகியதோ கைப்பேசியில் வாசிக்கக் கேட்டுத்தான். அலுவலகக் கணினிகளில் வழக்கமாக இருக்கும் மென்பொருளிலேயே உரக்க வாசித்துக் காட்டும் வசதி ஒன்று உண்டு, அதற்கு வெளிக்கருவி எதுவும் வேண்டாம் என்று சொல்லி, எங்கள் ஆய்வகத்துக் கணினியில் இருவரும் அதைப் பழகிப் பார்த்தோம். அந்த ஸ்தாபனத்தின் மனிதவளப் பிரிவுக்கு நான் ஒரு கடிதம் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டான். இரண்டு நாள் கழித்து அவன் கொண்டுவந்து காட்டியது, தானே குரலால் சொல்லிக் கணினியை எழுதச் செய்து, நண்பனைக் கொண்டு எழுத்துப்பிழை பார்த்து, அனுப்பியும் முடித்துவிட்ட நான்கு வரி மெயில். தனக்கு அந்த வாசிப்பு வசதியும், காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்செட்டும் வேண்டும். அவற்றைக்கொண்டு தன் வேலையின் வேகம் குறையாது. முதல் வாரத்தில் அதைத் தானே நிரூபித்துக் காட்டத் தயார் என்று அதில் இருந்தது. கீழே பதிலும் வந்திருந்தது: ஹெட்செட் எல்லோருக்கும் தருவதுதான், வசதியும் கணினியில் இருக்கிறது, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரவும்.